நாங்கள் குடிபோகாத மோர்னிங்சைட் வீடு

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து குசினி யன்னலால் கீழே பார்த்தபோது, கார் நிறுத்தும் இடத்தில் உன் கார் நின்றது. உள்ளே அப்பா இருந்தார். பதினோராம் மாடியிலிருந்து முகம் தெரியாதுதான், ஆனால் அந்த நீலத் தொப்பியை எனக்குத் தெரியாதா? சோறு ஆறும் வரைக்கும் நீங்கள் இரண்டு பேரும் கதைத்தீர்கள். பிறகு அவர் இறங்கினார், நீ போய்விட்டாய். மேலே வந்தவரிடம் கேட்டேன். சப்பாத்தைக் கழற்றி, அதை ஒழுங்காகச் சுவரோரம் வைத்து, ஜக்கெற்றையும் கொழுவிவிட்டுத்தான் வாய் திறந்தார். உனக்குக் கல்கரியில் வேலை கிடைத்திருக்கிறது, மாதக் கடைசியில் மருமகளோடு போகிறாய். நல்ல செய்தி என்றேன். பிள்ளை ஏன் மேலே வரவில்லை என்று கேட்டேன். அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: "அம்மா என்னைக் காட்டிக் குடுத்திட்டா எண்டு சொல்லுறான். உன்ர முகத்தைப் பார்க்கேலாதாம்."

காட்டிக்கொடுத்தவள். அந்தச் சொல்லை வருடத்தில் ஒருமுறை, பெரிய வியாழன் அன்று கோயிலில், ஆண்டவரைக் காட்டிக்கொடுத்தவனைப் பற்றி வாசிக்கும்போது கேட்பேன். அது என் தலையில் வந்து விழும் என்று நான் நினைத்ததில்லை. நேரே வந்து சொல்லியிருந்தால் நேரே பதில் சொல்லியிருப்பேன். நீ வராதபடியால் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், சனிக்கிழமைகளில் நான்தான் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். மெதுவாக வாசி.

மோர்னிங்சைட்டில் அந்த வீட்டை நீ வாங்கி எங்களைக் காட்டக் கூட்டிப் போன நாளை உனக்கு ஞாபகம் இருக்கும். டவுன்டவுனில் நீ இருக்கும் கொண்டோ மாடிவீடு உனக்கு ஏற்கெனவே இருந்தது. அப்படியிருக்க இன்னொரு வீடு ஏன் என்று நான் காரில் வைத்தே கேட்டேன். நீ சிரித்தாய். கதவைத் திறந்து, கீழ்த்தளத்தில் இருந்த சின்ன அறைக்கு அப்பாவைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாய். "அம்மா, இது உங்களுக்கும் அப்பாவுக்கும்தான். இந்த ரூமை அப்பா எடுத்தா முழங்காலை வைச்சுக்கொண்டு படி ஏறத் தேவையில்லை" என்றாய். அப்பா வாஷ்ரூமுக்குள் போய், குளிக்கும் தொட்டியின் விளிம்பில் காலைத் தூக்கி வைத்துப் பார்த்தார். திரும்ப வந்து இன்னொருமுறை போய்ப் பார்த்தார். நான் குசினியில் நின்று, எந்த அலுமாரித் தட்டில் அரிசி, எந்தத் தட்டில் தூள் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். சுவருக்கு என்ன நிறம் வேண்டும் என்று நீதான் கேட்டாய். வெளிர் மஞ்சள் என்றேன். அடுத்த கிழமையே அடித்துவிட்டாய். அதனால்தான் நான் நம்பினேன். ஏமாற்ற நினைக்கிறவன் பெயின்ற் அடிப்பானா?

கோடைக்குள் மாறலாம் என்றாய். பிறகு பேஸ்மென்ற் வேலை முடியட்டும் என்றாய். பிறகு கரண்ட் வயர் பழசு, அதை மாற்றவேண்டும் என்றாய். அதற்குப் பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டாய், நானும் கேட்பதை விட்டுவிட்டேன். ஆனால் வீட்டை நான் விடவில்லை. கிழமைக்கு ஒருமுறை இங்கே மல்வேர்னில் பஸ் ஏறி அங்கே போனேன். கதவடியில் குவிந்து கிடக்கும் விளம்பரக் கடதாசிகளைப் பொறுக்கினேன், யன்னல்களைத் திறந்து காற்று விட்டேன். பனிக்காலத்தில் பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பாடு செய்வார் என்று நீ சொன்னதால் நடைபாதையில் ஸ்னோ தள்ளினேன். அப்பாவுக்குத் தெரியாமல், ஏனென்றால் தெரிந்தால் தானும் வருவேன் என்று நிற்பார். வெயில் வந்ததும் பின்வளவில் கத்தரியும் மிளகாயும் வைத்தேன். அந்த மண் நல்ல மண், தம்பி. காய்த்ததைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்து எங்கள் மாடியில் எல்லோருக்கும் கொடுத்தேன். மகனின் வீட்டுக் கத்தரிக்காய் என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

எங்கள் மாடியில் பக்கத்துக் கதவு ஜெசிந்தா அன்ரியை உனக்குத் தெரியும். நீ பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் வேலையால் வரப் பிந்தினால் உனக்கு மாக்கரைத்துத் தோசை சுட்டுத் தந்தவர். அவரின் மகள், மருமகன், இரண்டு பிள்ளைகள், நாலு பேரும் அவரின் ஹோலில் திரை கட்டிக்கொண்டு இருந்தார்கள். வாடகை கட்டமுடியாமல் இருந்த இடத்தை விட்டுவிட்டு வந்தவர்கள். ஹோலில் பிள்ளைகள் அழுதால் சுவர் வழியாக எங்களுக்குக் கேட்கும். நாங்கள் போகும்வரைக்கும் மோர்னிங்சைட் வீட்டில் அவர்களை வாடகைக்கு இருக்கவிடேன் என்று உன்னிடம் கேட்டேன். நீ ரெலிபோனில் பெருமூச்சு விட்டாய். வாடகைக்கு ஆளை வைத்தால் பிறகு எழுப்பி வெளியே அனுப்ப முடியாது அம்மா, உங்களுக்கு உந்த விசயம் விளங்காது என்றாய். நாலு அறை உள்ள அந்த வெறும் வீட்டில் ஹீற்றர் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவருக்காகவும் இல்லை, பைப் உறையக்கூடாது என்பதற்காக. ஆள் இல்லாத வீடுகளுக்குச் சிற்றி, இங்கத்தைய நகரசபை, மேலதிகமாக ஒரு வரி போடுகிறது என்று கோயிலில் ஆட்கள் கதைத்தபோது, சிலர் அநியாயம் என்றார்கள். நான் ஜெசிந்தாவின் ஹோலை நினைத்துக்கொண்டேன். நாங்கள்தான் போகப்போகிறோமே, எங்களுக்கு அந்த வரி வராது என்றும் நினைத்துக்கொண்டேன்.

போன பனிக்காலத்தில் ஒருநாள் நீ கொத்துரொட்டியும் வாங்கிக்கொண்டு வந்தாய். நெடுநாளைக்குப் பிறகு எங்களோடு இருந்து சாப்பிட்டாய். சாப்பிட்டு முடிந்ததும், "அம்மா, உங்கட ரெண்டு பேரின்ர அட்ரஸையும் மோர்னிங்சைட்டுக்கு மாத்துவம். ஹெல்த் கார்ட், பாங்க், எல்லாம்" என்றாய். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எப்போது போகிறோம் என்று கேட்டேன். முதலில் அட்ரஸை மாற்றுவோம், மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்றாய். உன் பதிலில் இருந்த ஓட்டை இப்போது தெரிகிறது, அன்றைக்குத் தெரியவில்லை. ஈஸ்டருக்குப் பிறகு போகலாம் என்று நானும் அப்பாவும் எங்களுக்குள் தீர்மானித்தோம். வீடு மந்திரிக்கச் சுவாமியாரிடம் நாள் கேட்டேன். எங்கள் பெரிய சோபா செற்றி அங்கே ஹோலுக்குப் பொருந்தாது என்று ஜெசிந்தாவின் மகளுக்குக் கொடுத்தேன். எங்கள் மாடிச் சனம் ஒரு பின்னேரம் ரீ வைத்து, கேக் வெட்டி, எங்களை வழியனுப்பினார்கள். அப்பா அந்தக் கூட்டத்தில் எழும்பி நின்று இரண்டு வார்த்தை பேசினார். அப்பா கூட்டத்தில் பேசி நீ பார்த்திருக்கிறாயா? என் மகன் எங்களுக்கு ஒரு வீடு எடுத்துத் தந்திருக்கிறான் என்றார். சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார்.

சாமான் கட்டத் தொடங்கிய கிழமை, தட்டுகளைத் துடைத்துக் கடதாசி விரிக்கலாம் என்று நானும் அப்பாவும் அங்கே போனோம். நான் குசினியில் நின்றேன். இருக்கக் கதிரை இல்லாததால் அப்பா ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்து அதில் இருந்தார். மணி அடித்தது. கதவைத் திறந்தால் கழுத்தில் சிற்றி அட்டை தொங்கவிட்ட ஒரு பெண், வெள்ளைக்காரப் பிள்ளை, உன்னைவிட வயது குறைவு. நீங்கள் இங்கேயா இருக்கிறீர்கள் என்று கேட்டாள். உள்ளே வரச் சொன்னேன். வந்த ஆளுக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுக்க அந்த வீட்டில் ஒரு கிளாஸ் இருக்கவில்லை. பிளாஸ்கில் கொண்டுபோன ரீயை அதன் மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். அவள் வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டாள். என் ஆங்கிலம் உனக்குத் தெரியும், கடைக்கும் வேலைக்கும் காணும், அரசாங்கக் காரியத்துக்குப் பயமாக இருக்கும். அதனால் அவள் ரெலிபோனில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். இந்தியத் தமிழ் பேசும் ஒரு அம்மாவின் குரல். எப்போது குடிவந்தீர்கள் என்று கேட்டார். நான் சந்தோசமாகத்தான் சொன்னேன், தம்பி. இன்னும் வரவில்லை, ஈஸ்டருக்குப் பிறகு வருகிறோம், வந்ததும் இந்தப் பிள்ளையை ஒருநாள் சாப்பிடக் கூப்பிடுகிறேன் என்றும் சொன்னேன்.

அந்தப் பிள்ளை மூடியைக் கீழே வைத்துவிட்டு ஏதோ சொன்னாள். ரெலிபோனில் அந்தக் குரல் அதைத் தமிழில் சொன்னது: "உங்க பையன், நீங்களும் உங்க கணவரும் போன வருஷம் முழுக்க இந்த வீட்லதான் இருந்தீங்கன்னு எழுதிக் கொடுத்திருக்கார். அது சரியாம்மா?"

எனக்கு உடனே விளங்கவில்லை. அப்பாவுக்கு விளங்கிவிட்டது. வாளியில் இருந்தபடியே, என் பக்கம் பார்க்காமல், "ஓமெண்டு சொல்லு" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் ஒன்றுமில்லாத வீட்டில் சத்தம் எதிரொலிக்கும். ரெலிபோனில் இருந்த அம்மாவுக்கும் கேட்டிருக்கும். அவர் அதை மொழிபெயர்க்கவில்லை. காத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. கொத்துரொட்டி விளங்கியது. அட்ரஸ் ஏன் மாறியது என்று விளங்கியது. சிற்றி உன்னிடம் அத்தாட்சி கேட்டிருக்கிறது, நாங்கள் அந்த அத்தாட்சி. வேறொன்றும் இல்லை.

"இல்லைப் பிள்ளை," என்றேன். "நாங்கள் இந்த வீட்டில ஒரு நாளும் படுத்தெழும்பேல்லை."

அதை நான் உண்மைக்காகச் சொன்னேனா, உன்மேல் வந்த கோபத்தில் சொன்னேனா என்று பிறகு பலமுறை என்னையே கேட்டுவிட்டேன். கோயிலில் முழங்காலில் நின்றும் கேட்டேன். எனக்குத் தெரியவில்லை. வாயிலிருந்து வந்தது அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் நான் உனக்கு ரெலிபோன் எடுத்தேன், அடுத்தநாள் நீ வந்தாய். பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு நீ சொன்னதை நான் சொல் மாறாமல் வைத்திருக்கிறேன்.

"நான் அட்ரஸை மாத்தத்தானே சொன்னனான். மூவ் பண்ணச் சொல்லேல்லையே அம்மா."

"அட்ரஸ் போனா ஆக்கள் போகமாட்டினமோ, தம்பி?"

"எல்லாரும் உப்பிடித்தான் செய்யினம். அது சும்மா ஒரு ஃபோர்மாலிற்றி. நீங்கள் அங்க இருந்தா நான் எப்பிடி விக்கிறது? விலை ஏறேக்க உங்களை எழும்பச் சொல்லேலுமே? சனம் என்ன சொல்லும்?"

நீ ஆத்திரத்தில் சொன்னாய் என்று அப்பா இன்றைக்கும் சொல்கிறார். இல்லை. நீ மிகவும் நிதானமாகச் சொன்னாய், எனக்கு ஒரு கணக்கை விளங்கப்படுத்துவதுபோலச் சொன்னாய். அதுதான் என்னை வெட்டியது. ஜெசிந்தாவின் மகளை அங்கே விடாததற்கு நீ என்ன காரணம் சொன்னாயோ, எங்களை விடாததற்கும் அதே காரணம்தான். வாடகைக்காரரும் பெற்றோரும் உனக்கு ஒன்றாகிவிட்டோம், வைத்தால் எழுப்ப முடியாத ஆட்கள். அந்த அறையைக் காட்டி, முழங்கால் என்று சொல்லி, மஞ்சள் பெயின்ற் அடித்தது எல்லாம் எதற்கு? அந்த நாளில் நீ மனதாரத்தான் சொன்னாயா, பிறகு மாறினாயா? அல்லது அன்றைக்கே தெரிந்துகொண்டுதான் சொன்னாயா? இதைத்தான் நான் படுத்தாலும் எழும்பினாலும் யோசிக்கிறேன். வரியைப் பற்றி அல்ல.

நீ போன பிறகு அப்பா பெட்டிகளில் ஒட்டிய ரேப்பைக் கத்தியால் வெட்டி, பானை சட்டிகளை எடுத்துத் திரும்ப அடுக்கினார். எது எந்த இடத்தில் இருந்தது என்று அவருக்குத் தெரியாது, எல்லாவற்றையும் பிழையான தட்டுகளில் வைத்தார். நான் திருத்தவில்லை. ஹோலில் இருக்க இரண்டு பிளாஸ்ரிக் கதிரைகள்தான். செற்றியைத் திருப்பிக் கேட்க எனக்கு முகம் இல்லை. இரண்டு நாள் கழித்து ஜெசிந்தாவும் மருமகனும் அதைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்கள். "எங்கட ஹோலுக்கு உது பெரிசாக் கிடக்கு, திரையை இழுக்கேலாமல் இருக்கு, நீங்களே வைச்சிருங்கோ" என்றார் ஜெசிந்தா. அந்தப் பிள்ளைகள் அதில்தான் படுக்கின்றன என்று எனக்குத் தெரியும். அவர் சொன்னதும் பொய்தான். அந்தப் பொய்க்கு முன்னால் நின்று நான் அழுதேன், உனக்கு முன்னால் அழவில்லை. செற்றியைத் திருப்பி அனுப்பினேன். நாங்கள் அந்த வீட்டுக்குப் போகவில்லை என்பதை நான் சொல்லவில்லை, அவரும் விசாரிக்கவில்லை, நீ கதைத்தது சுவர் வழியாக அவருக்குக் கேட்டிருக்கும். ஆனால் அடுத்த நாள் மாடி முழுக்கத் தெரிந்திருந்தது. ஒருவரும் அதைப்பற்றி எங்களிடம் கதைக்கவில்லை. அப்பா மட்டும் லிப்ற்றில் ஆட்கள் நின்றால் அடுத்ததற்காகக் காத்து நிற்பார்.

பிறகு உனக்கு வரி வந்தது. பிழையாக எழுதிக் கொடுத்ததற்கான தண்டமும் சேர்ந்து வந்ததென்று அப்பா சொன்னார். வீடுகளின் விலை இறங்கிக் கிடக்கும் நேரத்தில் அந்த வீட்டை விற்றாய், நட்டத்துக்குத்தான் விற்றாய் என்றும் சொன்னார். இதெல்லாம் என்னால் வந்தது என்று நீ நினைக்கிறாய். நினை. ஆனால் ஒன்றை மட்டும் கேள். நீ அந்தக் கொத்துரொட்டியோடு வந்த அன்றைக்கு, கதவைச் சாத்திவிட்டு, "அம்மா, நான் ஒரு பிழை செய்துவிட்டேன், வீடு சும்மா கிடந்தது, நீங்கள் இருந்ததாக எழுதிவிட்டேன், இப்போது கேட்கிறார்கள், எனக்காகப் பொய் சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? உன்னை ஏசியிருப்பேன். இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்திருப்பேன். அதற்குப் பிறகு ஒருவேளை போய்ச் சொல்லியிருப்பேன், சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் அதை இறக்கி வைத்திருப்பேன். அல்லது முடியாது என்று உன் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பேன். இரண்டில் எது நடந்திருந்தாலும் நான் உனக்கு அம்மாவாகவும் நீ எனக்குப் பிள்ளையாகவும் அந்த மேசையில் இருந்திருப்போம். நீ என்னைப் பொய் சொல்லும்படி கேட்கவில்லை. எனக்கே தெரியாமல் என்னைப் பொய்யாக்கினாய். உன் அப்பா அந்த ரீ பார்ட்டியில் எழும்பி நின்றாரே, அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது.

காட்டிக்கொடுப்பது என்றால் நம்பி நிற்கிறவனை விற்பது. நம்பி நின்றது யார் என்று நீ கல்கரிக்குப் போகும் வழியில் யோசித்துப் பார்.

புத்தி சொல்லாமல் அம்மாமார் எழுதுவதில்லை, அதனால் சொல்கிறேன். மருமகளுக்கு நாளைக்கு ஒரு பிள்ளை பிறந்தால், அந்தப் பிள்ளையிடம் முடியாததை முடியாது என்று சொல்லு. வாங்கித் தர வழியில்லை, கூட்டிக்கொண்டு போக வழியில்லை, உனக்கு மனமில்லை என்றால் மனமில்லை என்றே சொல்லு. பிள்ளைகள் அதைத் தாங்கும். நாங்களும் தாங்கியிருப்போம். இந்தக் கட்டடத்தில் உன்னை வளர்த்தோம், இங்கேயே இருந்து முடிப்பதில் எங்களுக்கு வெட்கம் இருக்கவில்லை. வீடு வேண்டும் என்று நாங்கள் ஒருநாளும் உன்னைக் கேட்டதில்லை, தம்பி. ஆசையை நீதான் தந்தாய்.

அடுத்த மாதம் இதே கட்டடத்தில் இரண்டாம் மாடிக்கு மாறுகிறோம். நானே கீழே ஒபீசுக்குப் போய், அப்பாவின் டொக்ரர் எழுதிய துண்டைக் காட்டிக் கேட்டேன். ஒரு வீடு காலியானதும் கூப்பிட்டுத் தந்தார்கள். சின்னது. யன்னலைத் திறந்தால் குப்பைத் தொட்டிகள்தான் தெரியும். ஆனால் லிப்ற் பழுதாகி நின்றாலும் அப்பா படியைப் பிடித்து இறங்கி வெளியே போகலாம். அவர் ஏற்கெனவே இறங்கிப் பார்த்துவிட்டார். எங்கள் அட்ரஸ்களை நான் திரும்ப மாற்றிவிட்டேன்.

நீ போவதற்கு முன் வா. உனக்குப் பிடித்த நண்டுக் கறி வைக்கிறேன், மருமகளையும் கூட்டிக்கொண்டு வா. மன்னித்துவிட்டேன் என்று இங்கே எழுதி முடித்தால் வடிவாகத்தான் இருக்கும். ஆனால் இன்னும் இல்லை, தம்பி, பொய் எழுத எனக்கு மனம் வரவில்லை. வந்து இருந்து சாப்பிடு. நான் பரிமாறுவேன்.

அம்மா